கிங்கி டெயிலை மிஸ்டர் டி கைவிட்டதா? ஆண் சிங்கக் கூட்டணிகளின் எல்லைச் சண்டை பற்றி

#1 குறிஞ்சிக்காரன்

நண்பர்களே, வணக்கம். மூன்று நாளாக ஒரே காணொளி மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் காப்பகத்தில், கிழக்கே மலாமலா பகுதியில், 2010 ஜூன் 8 அன்று எடுத்தது. நாலு ஆண் சிங்கங்கள் சேர்ந்து ஒரு ஆண் சிங்கத்தைக் கொல்கின்றன. கொன்றதோடு நிற்கவில்லை, தின்னவும் தொடங்குகின்றன. செத்தது கிங்கி டெயில். வால் நுனி வளைந்திருந்ததால் வந்த பெயர். மபோகோ என்ற ஆறு ஆண்கள் கொண்ட கூட்டணியில் ஒன்று.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மகுலு, ரஸ்தா, பிரெட்டி பாய், ட்ரெட்லாக்ஸ், கிங்கி டெயில், மிஸ்டர் டி. இந்த ஆறும் 2006 வாக்கில் சாபி சாண்டின் மேற்குப் பக்கத்தைப் பிடித்தன. அங்கே அதுவரை இருந்த ஆண்களைக் கொன்றும் விரட்டியும், குட்டிகளைக் கொன்றும் சில வருடங்களில் காப்பகத்தின் பெரும்பகுதியைத் தங்கள் எல்லைக்குள் கொண்டுவந்தன. நீர்யானையையே வீழ்த்திய கூட்டம். பிறகு இரண்டாகப் பிரிந்தார்கள். கிங்கி டெயிலும் மிஸ்டர் டியும் கிழக்கே போய்த் தனி எல்லை வைத்தன. மற்ற நாலும் மேற்கிலேயே இருந்தன.

அந்த இரண்டின் மேல்தான் மஜிங்கிலானே என்ற புதுக் கூட்டணி வந்து மோதியது. வந்தது ஐந்து பேர். சற்று முன்தான் அந்த ஐந்தில் ஒன்றை இவர்கள் இருவரும் படுகாயப்படுத்தியிருந்தார்கள், அது பிழைக்கவில்லை. ஐந்து நாலானது. அப்புறம் அந்த நாலும் கிங்கி டெயிலைச் சூழ்ந்தன.

என் கேள்வி ஒன்றுதான். மிஸ்டர் டி அருகே வந்தது. பிறகு விலகிப் போய்விட்டது. காணொளியின் கீழே ஆயிரம் பேர் "துரோகி" என்று எழுதியிருக்கிறார்கள். கூடப் பிறந்ததை விட்டுவிட்டு ஓடும் குணம் சிங்கத்துக்கு உண்டா? இல்லை, நாம்தான் மனுஷக் கதையை அதன் மேல் ஏற்றுகிறோமா?

#2 ஜோபர்க் தமிழன்

தம்பி, நான் இங்கே வந்து பதினாலு வருஷமாகிறது. சாபி சாண்டுக்கு நாலு தடவை போயிருக்கிறேன். மபோகோவை நான் பார்த்ததில்லை, நான் வரும்போது கதை முடியும் கட்டம். ஆனால் அந்த இடத்தின் அமைப்பு தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

சாபி சாண்ட் என்பது சுமார் 65,000 ஹெக்டேர். பக்கத்தில் குரூகர் தேசியப் பூங்கா, அது மட்டுமே கிட்டத்தட்ட 19,500 சதுர கிலோமீட்டர். 1993இல் இரண்டுக்கும் நடுவே இருந்த வேலியை எடுத்துவிட்டார்கள். அதாவது கிழக்குப் பக்கம் திறந்த வாசல். குரூகரில் வளர்ந்து, தாய்க்கூட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, இடம் தேடி அலையும் இளம் ஆண்கள் அந்த வாசல் வழியாக வந்துகொண்டே இருக்கும். மலாமலா அந்த எல்லையில்தான் இருக்கிறது. ஆறு பேர் காத்த ஊரின் வாசலில் இரண்டு பேர் மட்டும் காவல் நின்றால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டார் வழிகாட்டி. பத்தடி தள்ளி ஒரு ஆண் சிங்கம் நின்றபடியே கர்ஜித்தது. தலையைத் தூக்கவில்லை, சற்றுத் தாழ்த்தி, வயிற்றை உள்ளே இழுத்து இழுத்து. முதலில் நீளமாக மூன்று நாலு, அப்புறம் குட்டை குட்டையாக, கடைசியில் மூச்சு வாங்குகிற மாதிரி. நான் பிடித்திருந்த இரும்புக் கம்பி அதிர்ந்தது, கையில் தெரிந்தது. முடித்ததும் அது அசையாமல் நின்று காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம். வழிகாட்டி மெதுவாகச் சொன்னார், "பதில் வருகிறதா என்று பார்க்கிறது, எத்தனை பேர் என்று எண்ணுகிறது." எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும் சத்தம் அது. அன்றைக்குப் பதில் வரவில்லை. அது பின்னங்காலால் மண்ணைப் பறித்து, புதரில் மூத்திரத்தைத் தெளித்துவிட்டு நடந்துபோனது.

#3 பழைய வாத்தியார்

முப்பத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். தம்பியின் கேள்விக்குச் செரெங்கெட்டியில் நேரடியாகவே சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள்.

கிரெய்க் பேக்கரும் ஆன் ப்யூசியும் பல பத்தாண்டுகள் தான்சானியாவில் சிங்கங்களைப் பின்தொடர்ந்தவர்கள். அவர்களும் ஜான் கிரினெலும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இது. அந்நிய ஆண்களின் கர்ஜனையைப் பதிவுசெய்து, ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். எல்லைக்குச் சொந்தக்கார ஆண் என்ன செய்கிறது? எழுந்து சத்தம் வந்த திசைக்கு நடக்கிறது. கூட்டாளி இரத்த உறவா, வழியில் சேர்ந்த அந்நியனா என்பதால் அந்த நடை மாறவில்லை. கூட்டாளி பக்கத்தில் நின்று கவனிக்க முடியாத நேரத்திலும் அது போகிறது. ஆண்களிடம் "நீ முன்னே போ, நான் பின்னாலேயே வருகிறேன்" என்ற தந்திரத்தை அவர்கள் பார்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்தத் தந்திரம் இருப்பது பெண் சிங்கங்களிடம்! ராபர்ட் ஹெய்ன்சோனும் பேக்கரும் அதே ஆண்டு அதையும் எழுதினார்கள். ஒரே கூட்டத்தில் சில பெண்கள் எப்போதும் முன்னே போகும். சில எப்போதும் பின்தங்கும். சில, தேவை அதிகமென்றால் மட்டும் வேகம் எடுக்கும். முன்னே போகிறது நின்று திரும்பிப் பார்க்கும். ஆனாலும் போகும்.

ஆகவே மிஸ்டர் டி தொடக்கத்திலேயே பின்வாங்கியது என்று எனக்குத் தோன்றவில்லை. மோதலுக்கு இரண்டும் சேர்ந்தே போயின. கூட்டாளி கீழே விழுந்த பிறகு எதிரே நாலு. அதற்குப் பிறகு உள்ளே பாய்ந்திருந்தால் அன்றைக்கு இரண்டு பிணம்.

#4 டாக்டர் நிலா

நான் கால்நடை மருத்துவர். சிங்கத்துக்கு வைத்தியம் பார்த்ததில்லை, நாய்ச் சண்டைக் காயங்கள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்ன "எதிரே நாலு" என்பதை உடம்பின் கணக்கில் சொல்கிறேன்.

ஒன்றுக்கு ஒன்று நின்றால் சிங்கத்தின் சண்டை பெரும்பாலும் முகத்தோடு முகம். அறை, உறுமல், பிடரியில் பல். அந்தக் காணொளியிலும் மற்ற சண்டைகளிலும் கவனித்துப் பாருங்கள், தனியாக மாட்டிக்கொண்ட சிங்கம் முதலில் செய்வது உட்காருவதுதான். பிருஷ்டத்தைத் தரையோடு ஒட்டிவைத்துக்கொண்டு முன்னங்காலால் மட்டும் சண்டை போடும். பயந்து உட்காரவில்லை. முதுகெலும்பையும் பின்னங்கால்களையும் விரைகளையும் காப்பாற்றுகிறது. எதிரி ஒன்று என்றால் இது போதும். இரண்டாவது ஒன்று பின்னால் வந்துவிட்டால் திரும்பியாக வேண்டும். திரும்பினால் முதலாவதற்கு முதுகு. இடுப்பு முதுகெலும்பில் ஒரு கடி ஆழமாக விழுந்துவிட்டால் பின்னங்கால் இழுபட ஆரம்பிக்கும். அதோடு சண்டை முடிந்தது, சாவதற்குத்தான் நேரம் எடுக்கும்.

தப்பிப் போனாலும் ஆபத்து தீராது. கோரைப்பல் குத்திய இடத்தில் வெளியே சின்னத் துளைதான் தெரியும். தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். உள்ளே சதை கிழிந்து சீழ் பிடித்திருக்கும். வெற்றி பெற்ற சிங்கமும் மூன்று வாரம் கழித்து இதில் செத்துப்போகலாம்.

#5 கரிசல் பூ

எல்லாம் சரி. ஆனால் மிஸ்டர் டிக்கு நல்ல பெயர் வாங்கித்தர என்னால் முடியாது. கிங்கி டெயில் செத்த பிறகு அது எங்கே போனது? மேற்கே இருந்த பழைய நாலு சகோதரர்களிடம் திரும்பிப் போனது. அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்தபின் அந்தச் சகோதரர்களுடைய குட்டிகளையே கொன்றது. "சாத்தான்" என்ற இன்னொரு பெயர் சும்மா வரவில்லை. கூடப் பிறந்தவனின் பிள்ளையைக் கொல்கிறதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொன்று. மபோகோ நூறு சிங்கங்களைக் கொன்றதாக எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். உண்மையா?

#6 ஜோபர்க் தமிழன்

அந்த நூறை நம்பாதீர்கள் தங்கச்சி. யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை. குட்டிகள் காணாமல் போனால் அதை யார் கொன்றார்கள் என்று பாதி நேரம் யாருக்கும் தெரியாது. கழுதைப்புலி இருக்கிறது, பசி இருக்கிறது, எருமை மிதிக்கிறது. வழிகாட்டிகள் கண்ணால் பார்த்தவை இருக்கின்றன, அவையே ஏராளம். மபோகோ அசாதாரணமாக மூர்க்கமான கூட்டணி என்பதில் சந்தேகம் இல்லை. அதற்கு நூறு தேவையில்லை.

#7 பழைய வாத்தியார்

கரிசல் பூ அம்மா, உங்கள் கோபம் புரிகிறது. கணக்கைச் சொல்கிறேன்.

பெண் சிங்கத்தின் கர்ப்பம் சுமார் 110 நாள். குட்டி தன் காலில் நிற்க ஏறத்தாழ இரண்டு வருடம். குட்டி இருக்கிறவரை தாய் அடுத்து இணைசேராது. ஒரு ஆண் கூட்டணி ஒரு பெண் கூட்டத்தைக் கையில் வைத்திருக்கும் காலம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான். இப்போது புதிதாக வந்த ஆணின் இடத்திலிருந்து பாருங்கள். முன்னவனின் குட்டிகள் வளர்ந்து முடியும்வரை காத்திருந்தால், தன் குட்டி பிறக்கும்போது தன்னை விரட்ட அடுத்தவன் வாசலில் நிற்பான். குட்டி போய்விட்டால் தாய் சில நாள்களிலோ வாரங்களிலோ மறுபடி பருவத்துக்கு வந்துவிடுகிறது. கொடூரம்தான். ஆனால் அந்தக் கொடூரத்தின் பின்னால் இருப்பது பகை அல்ல, நேரம்.

சகோதரன் குட்டி விஷயத்துக்கு வருகிறேன். கூட்டணியில் இருக்கிற எல்லா ஆணுக்கும் பிள்ளை கிடைப்பதில்லை. செரெங்கெட்டியில் 1991இல் மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் கொண்ட கூட்டணிகளில் உறவில்லாத ஆண்கள் சேர்ந்திருப்பது சகஜம். நாலும் அதற்கு மேலும் என்றால் எல்லாம் இரத்த சொந்தம். ஏனென்றால் பெரிய கூட்டணியில் ஒன்றிரண்டு ஆண்களே பெரும்பாலான குட்டிகளுக்குத் தகப்பன். மற்றவை வெறுமனே காவல். தம்பி பிள்ளையாவது பிழைக்கட்டும் என்றால்தான் அந்தக் காவலில் ஒரு லாபம். மிஸ்டர் டி விலகியிருந்த காலத்தில் பிறந்த குட்டிகள் அதற்குப் பழக்கமில்லாதவை, அந்தத் தாய்களோடு அது இணைசேரவும் இல்லை. சிங்கத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் காட்டுவது?

#8 கரிசல் பூ

ஐயா, "பகை அல்ல, நேரம்" என்றது மனசில் நிற்கிறது. ஆனால் இந்தக் கதையில் தாய்கள் எங்கே? ஆறு ஆண், நாலு ஆண், பெயர் பெயராக எழுதுகிறோம். குட்டியைப் பறிகொடுக்கிறவளைப் பற்றி ஒரு வரி இல்லையே.

#9 டாக்டர் நிலா

இதைத்தான் நானும் எழுத நினைத்தேன். அவர்கள் சும்மா நிற்பதில்லை. கூட்டமாகச் சேர்ந்து அந்நிய ஆணைத் துரத்துகிறார்கள். சண்டையில் செத்தும் போகிறார்கள். கொஞ்சம் வளர்ந்த குட்டிகள் என்றால் அவற்றைக் கூட்டிக்கொண்டு எல்லையோரம் மாசக்கணக்கில் மறைந்து அலைகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இன்னொன்று. புது ஆண்கள் வந்து எல்லையைப் பிடித்ததும் பெண்கள் அடிக்கடி பருவத்துக்கு வருவார்கள், இணைசேர்வார்கள், ஆனால் சில மாதங்களுக்குக் கரு தங்காது. பேக்கரும் ப்யூசியும் 1980களிலேயே இதைக் கவனித்தார்கள். அவர்கள் தந்த விளக்கம், வந்தவன் நிலைப்பானா என்று தெரியும்வரை உடம்பு காத்திருக்கிறது என்பது. பலவீனமான கூட்டணி என்றால் அதற்குள் இன்னொரு பெரிய கூட்டணி வந்து விரட்டிவிடும். நிலைத்து நிற்கிறவனுக்குத்தான் குட்டி. அதற்குப் பிறகு ஒரே கூட்டத்துப் பெண்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஈனுகிறார்கள், ஒருத்தி குட்டி இன்னொருத்தியிடம் பால் குடித்து வளர்கிறது.

ஆணின் பிடரி மயிரிலும் பெண்ணின் பார்வை இருக்கிறது. 2002இல் பெய்டன் வெஸ்ட்டும் பேக்கரும் சிங்க அளவுப் பொம்மைகள் செய்து, ஒன்றுக்குக் கறுத்த பிடரி, இன்னொன்றுக்கு வெளிறிய பிடரி வைத்துக் காட்டில் நிறுத்தினார்கள். பெண்கள் கறுத்த பிடரிப் பக்கம் போனார்கள். ஆண்கள் அதைத் தவிர்த்து வெளிறியதை நோக்கிப் போனார்கள். கறுத்த பிடரி வெயிலில் சூட்டை ஏற்றும். அந்தச் சூட்டையும் தாங்கிக்கொண்டு தெம்பாக நிற்கிறவன் என்று அர்த்தம்.

#10 ராஜ்கோட் சாவஜ்

எல்லாரும் ஆப்பிரிக்காவையே பேசுகிறீர்கள். நான் ராஜ்கோட்டில் வேலை பார்க்கிறவன், லீவு கிடைத்தால் சாசண் கிர். சாவஜ் என்றால் இங்கே குஜராத்தியில் சிங்கம்.

கிரில் கதையே வேறு மாதிரி. இங்கே இரை பெரும்பாலும் புள்ளிமான். எருமை, வரிக்குதிரை மாதிரிப் பெரிய இரை நிறைய இல்லை. பெண்கள் சின்னச் சின்னக் கூட்டமாக இருப்பார்கள். ஆண்கள் அவர்களோடு குடும்பமாக வாழ்வதில்லை, தனியாக, பெரும்பாலும் இரட்டையாக, பல பெண் கூட்டங்களின் மேல் எல்லை வைத்துச் சுற்றி வருவார்கள். இணைசேரும்போதும் பெரிய இரை கிடைத்தாலும் சந்திப்பு.

இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஸ்டோதிரா சக்ரபர்த்தியும் ஒய்.வி. ஜாலாவும் இதைத்தான் ஆய்வு செய்தார்கள். இரட்டையர்களுக்குள்ளேயே ஒருவன் மேல், ஒருவன் கீழ். மேலே இருப்பவனுக்கு இணைசேரும் வாய்ப்பில் 70 சதவீதத்துக்கு மேல் போகிறது, சாப்பாட்டிலும் பெரும்பங்கு. கீழே இருப்பவன் ஏன் கூடவே இருக்கிறான்? தனியாளாக எல்லையைத் தக்கவைப்பது ரொம்பக் கஷ்டம். தனிமரம் தோப்பாகாது என்பது அங்கே அப்படியே உண்மை.

கரிசல் பூ கேட்டதற்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. கிர் பெண் சிங்கங்கள் ஒரே கூட்டணியோடு நிற்பதில்லை. பக்கத்து எல்லைகளில் இருக்கிற போட்டிக் கூட்டணிகளோடும் இணைசேர்கின்றன. அப்படிப் பழகிய ஆண்கள் எல்லாருக்கும் அந்தக் குட்டி தன்னுடையதாக இருக்கலாம். கை வைக்கமாட்டான். பழக்கமில்லாத ஆண் வந்தால்தான் குட்டிக்கு ஆபத்து. இரண்டு பகையாளிகளுக்கு நடுவே நின்று தன் குட்டியைக் காப்பாற்றுகிறாள்! நான் இதைப் படித்த அன்று ராத்திரி வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன்.

#11 குறிஞ்சிக்காரன்

அண்ணே, ஜெய், வீரு பற்றிக் கேள்விப்பட்டேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

#12 ராஜ்கோட் சாவஜ்

ஒரே ஒரு தடவை, தூரத்தில். இந்திப் படத்து நண்பர்களின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஒன்று தண்ணீர் குடிக்கும்போது இன்னொன்று குனியவில்லை, பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதலாவது குடித்து முடித்து நிமிர்ந்ததும் இரண்டாவது குனிந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். அந்த முறை மாறி மாறிக் குடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

2025இல் இரண்டும் போய்விட்டன. ஒன்று ஒரு பக்கம், ஒன்று இன்னொரு பக்கம் பிரிந்திருந்த நேரத்தில் வேறு ஆண்கள் தனித்தனியாகத் தாக்கின. சேர்ந்திருந்தால் யாரும் நெருங்கியிருக்க மாட்டார்கள். ஜூனில் வீரு, ஜூலைக் கடைசியில் ஜெய். வனத்துறை பிடித்துவந்து வைத்தியம் பார்த்தது, பலிக்கவில்லை. நிலா டாக்டர் சொன்ன அந்தச் சீழ் விஷயத்தைப் படித்தபோது எனக்கு அவைதான் ஞாபகம் வந்தன.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்கிறேன், இது முக்கியம். 2018 செப்டம்பரில் கிழக்கு கிரில், தல்கானியா சரகத்தில் சிங்கங்கள் வரிசையாகச் செத்தன. முதலில் சொன்ன காரணம் எல்லைச் சண்டை. எல்லாருக்கும் நம்பும்படியாகவும் இருந்தது, சிங்கம் என்றால் சண்டைதானே. அக்டோபர் தொடக்கத்தில் எண்ணிக்கை 23 ஆனது. சோதனையில் நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் வைரஸ் இருப்பது தெரிந்தது. அப்புறம்தான் தடுப்பூசி வரவழைத்தார்கள். சண்டை என்ற சொல் எவ்வளவு சுலபமாக வாய்க்கு வருகிறது பாருங்கள்.

#13 பழைய வாத்தியார்

நல்ல நேரத்தில் நினைவூட்டினீர்கள். இதே வைரஸ் 1994இல் செரெங்கெட்டியில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்களைக் கொண்டுபோனது, அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே பரந்த நிலம், சிங்கங்கள் பிறகு பெருகி மீண்டன. குஜராத்தின் கிரையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் தவிர ஆசியச் சிங்கத்துக்கு உலகில் வேறு காடு இல்லை. 2015இல் 523, 2020இல் 674, 2025 கணக்கெடுப்பில் 891. சந்தோஷமான எண்தான். ஆனால் ஒரே வட்டாரத்தில் 891. மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குச் சிலவற்றை மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டது, இன்றுவரை ஒரு சிங்கம்கூடப் போகவில்லை. எனக்கு இதில் ஆதங்கம் உண்டு, மறைக்கமாட்டேன்.

#14 கரிசல் பூ

டாக்டர், உங்களிடம் ஒரு கேள்வி. கிரில் அடிபட்ட சிங்கத்தைப் பிடித்து மருந்து போடுகிறார்கள். சாபி சாண்டில் கிங்கி டெயில் சாகும்போது வண்டியில் உட்கார்ந்து படம் எடுத்தார்கள். எது சரி?

#15 டாக்டர் நிலா

என் கை பதறுகிற கேள்வி. அடிபட்ட மிருகம் கண்ணெதிரே இருந்தால் நான் ஊசியைத்தான் எடுப்பேன், அதற்காகத்தான் படித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு இடத்துக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை.

சாபி சாண்டில் நாலு சிங்கங்களுக்கு நடுவே இறங்கிச் சண்டையை விலக்க யாராலும் முடியாது, அதை விடுங்கள். விலக்க முடிந்தாலும் யாருக்காக? கிங்கி டெயிலைக் காப்பாற்றினால் மஜிங்கிலானே நாலும் இடமில்லாமல் அலையும். அவைகளும் எங்கேயோ தாய்க்கூட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, பட்டினி கிடந்து, அத்தனை தூரம் வந்தவைதான். தோற்றவனுக்கு மருந்து போட்டு அதே எல்லையில் திரும்ப விட்டால் மறுநாளே மறுபடி சண்டை. கிரில் நிலைமை வேறு. ஒரே ஒரு இனத்தொகை, ஊர்களுக்கு நடுவே, கிணறு, தண்டவாளம், வயல் மின்வேலி எல்லாம் நாம் வைத்தவை. அங்கே வனத்துறைக் கால்நடை மருத்துவர்கள் இரவு பகலாக வேலை செய்வதை நான் மதிக்கிறேன். சண்டைக் காயத்துக்கு மட்டும் கொஞ்சம் கை நிறுத்தலாமோ என்று சில நாள் தோன்றும். வீரு மாதிரி ஒன்று மேசையில் கிடந்தால் அப்படித் தோன்றாது.

#16 ஜோபர்க் தமிழன்

சண்டையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இங்கே பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் சுற்றிலும் வேலி போட்ட சின்னக் காப்பகங்கள் ஏராளம். இரண்டு ஆண், மூன்று பெண் என்று கொண்டுவந்து விட்டார்கள். வெளியே இருந்து எந்த ஆணும் வரமுடியாது. குட்டிகளைக் கொல்ல ஆளில்லை, எல்லாம் பிழைக்கும். நாலு வருஷத்தில் இடம் கொள்ளவில்லை, இரை தீர்ந்துபோகிறது. அதே ஆண்களே இருப்பதால் மகளோடு தகப்பன் சேரும் நிலை. கடைசியில் மேலாளர்கள் என்ன செய்கிறார்கள்? பழைய ஆண்களை மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வேறு காப்பகத்திலிருந்து புது ஆண்களைக் கொண்டுவருகிறார்கள். பெண்களுக்குக் கருத்தடையும் உண்டு. மஜிங்கிலானே காலால் நடந்துவந்து இலவசமாகச் செய்த வேலையை மனுஷன் டீசல் ஊற்றிச் செய்கிறான்.

#17 பழைய வாத்தியார்

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அளவுக்கு மீறி ஆண்கள் மாறிக்கொண்டே இருப்பது. ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் ஆன்ட்ரூ லவ்ரிட்ஜ் குழுவினர் குறியிட்டுப் பின்தொடர்ந்த வளர்ந்த ஆண்களில் 72 சதவீதம் பூங்காவுக்கு வெளியே வேட்டைக்காரர்களால் கொல்லப்பட்டன. எல்லையோரத்து ஆணைச் சுட்டதும் அந்த இடம் காலி. உள்ளே இருக்கும் ஆண் அங்கே நகரும். அதையும் சுடுவார்கள். ஒவ்வொரு முறையும் புது ஆண், ஒவ்வொரு முறையும் குட்டிகள் போகும். ஒரு துப்பாக்கி ஒரு சிங்கத்தோடு நிற்பதில்லை.

2015இல் அம்பெய்து கொல்லப்பட்ட செசிலை எல்லாருக்கும் தெரியும். அதன் கூட்டாளி ஜெரிகோ அதற்கு உடன்பிறப்பல்ல. செசில் போனதும் குட்டிகளை ஜெரிகோ கொன்றுவிடும் என்று பத்திரிகைகள் எழுதின. கொல்லவில்லை. அதே எல்லையைத் தனியாளாகக் காத்தது.

#18 குறிஞ்சிக்காரன்

இத்தனை பேர் இத்தனை பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ராத்திரி அந்தக் காணொளியை மறுபடி பார்த்தேன். முதல் தடவை கிங்கி டெயிலின் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை நிலா டாக்டர் சொன்ன இடுப்பைப் பார்த்தேன். அது உட்கார முயற்சி செய்கிறது. மறுபடி மறுபடி. பின்னால் இருப்பது விடவில்லை.

மிஸ்டர் டியைத் துரோகி என்று இனி என்னால் எழுத முடியாது. தியாகி என்றும் இல்லை. மிச்சக் கதையைத் தேடிப் படித்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம்கூட இல்லை. 2012 மார்ச்சில் தெற்கிலிருந்து வந்த செலாட்டி கூட்டணி, அதுவும் நாலு ஆண், மிஸ்டர் டியைச் சூழ்ந்து கொன்றது. அப்போது கூட இருந்த மபோகோக்கள் விலகிப் போயின. கிங்கி டெயிலுக்கு நடந்தது அப்படியே இதற்கும். மற்றவை ஒவ்வொன்றாகக் கண்ணில் படாமல் போயின. மூத்தது மகுலு மட்டும் பதினைந்து வயதை நெருங்கியபடி 2013 தொடக்கத்தில் கடைசியாகக் காணப்பட்டது. காட்டு ஆண் சிங்கத்துக்கு அது பெரிய வயசு. மெலிந்து, பிடரி உதிர்ந்து, குரூகர் பக்கம் திரிந்ததாகச் சொல்கிறார்கள்.

எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். ஆறு பேர் பிரியாமல் இருந்திருந்தால் மஜிங்கிலானே அந்த வாசலில் நின்றிருக்கவே முடியாது. ஆனால் ஆறு பேரும் சேர்ந்தே இருந்தால் இரண்டு பேருக்குப் பிள்ளையே கிடைத்திருக்காது. வாத்தியார் ஐயா சொன்ன மரபணுக் கணக்கு அதுதானே. பிரிந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், தப்பென்றால் ஐயா திருத்தட்டும். கிழக்கே போன அந்த ஒரு வருடச் சொச்சத்தில் அவற்றுக்குச் சொந்தமாக ஒரு எல்லை இருந்தது.

ஜோபர்க் அண்ணே, ஒரே ஒரு உதவி. மலாமலாவில் இப்போது யார் கர்ஜிக்கிறார்கள்? அடுத்த முறை போனால் கேட்டுச் சொல்லுங்கள்.

#19 ஜோபர்க் தமிழன்

ஆகஸ்டில் போகிறேன் தம்பி. அப்போது புல் காய்ந்திருக்கும், குளிரில் சத்தமும் ரொம்ப தூரம் கேட்கும். விடியற்காலை நாலரைக்கு வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்போம். போன் பதிவில் அந்த அதிர்வு வராது, ஆனாலும் எடுத்து இங்கேயே போடுகிறேன். பதில் கர்ஜனை வந்தால் எத்தனை குரல் என்று நீயே எண்ணிப் பார்.